யெல்விக் என்று சொல்லவேண்டும்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. வைட்ஃபீல்டில் ஓர் உடற்பயிற்சிக் கருவிக் கடை. நகராத சைக்கிளை மிதித்துக்கொண்டே கேட்டேன். (கம்பெனியின் பெயர் நான் வைத்தது. தேடாதீர்கள்.)

முதல் தொடக்கம்: ‘கவியரசன் யாரையும் நம்புவதில்லை, ஏனெனில்—’

வேண்டாம். ஏனெனில் வந்தால் கட்டுரையாகிவிடும்.

2

கவியரசன் அங்கே விற்பனையாள். ஊர் ஆம்பூர், வாடகை வீடு ஈஜிபுராவில். கம்பெனியின் பெயரை ஊரே ‘ஜெல்விக்’ என்கிறது. கம்பெனியோ ‘யெல்விக்’ என்றுதான் சொல்லவேண்டும் என்று அடம்பிடிக்கிறது. இதைச் சோதிக்க மாதம் ஒருமுறை வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் வரும். அந்த ஆள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். பணிவாகத் திருத்தி, பொருளையும் தலையில் கட்டவேண்டும். தவறினால் ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டு சேர்ந்தால் பொம்மசந்திரா குடோனில் பெட்டி தூக்கவேண்டும். கவியரசன் போன மாதமே ஒன்று வாங்கிவிட்டான்.

அன்றிலிருந்து அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். வருகிறவர் கையில் பேனா இருந்தால் சந்தேகம், இல்லாவிட்டால் கூடுதல் சந்தேகம். தண்ணீர் கேன் போட வந்தவரிடமே “யெல்விக்குக்கு வாங்க சார்” என்றான்.

3

குளோரியா என்று ஓர் அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். இடது காலை இழுத்து நடந்தார். இழுப்பது நடிப்போ என்று பார்த்தான். (இப்படி ஒருவனைக் கதாநாயகனாக்க எனக்கும் கூச்சம்தான்.)

“தம்பி, இந்த ஜெல்விக் ட்ரெட்மில் எப்படி?”

வந்துவிட்டது வேவு என்று அவன் நிமிர்ந்து நின்றான்.

“யெல்விக்னு சொல்லணும் மேடம்.”

“எதுவோ ஒண்ணு. மூட்டு ஆபரேஷன் ஆயி ஆறு வாரம்தான் ஆச்சி. வீட்லயே நடக்கலாம்னு பாக்கறேன்.”

“டாக்டரைக் கேட்டீங்களா?”

“இதுக்கெல்லாமா கேப்பாங்க?”

ட்ரெட்மில்லின் பட்டை கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டும். நல்ல காலே தடுமாறும். உண்மையான நோயாளியென்றால் தடுக்கவேண்டும். வேவுக்காரி என்றால், தடுத்தால் குடோன். மேனேஜர் கோவிந்தப்பா வேறு கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

‘அவனுடைய மனசாட்சி—’

சீ, அடித்துவிட்டேன். அவன் அவருடைய காலைத்தான் பார்த்தான். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்திருந்தது. வீக்கத்தை யாராலும் நடிக்க முடியாது.

“வாங்காதீங்க மேடம். விழுந்துடுவீங்க. டாக்டரைக் கேட்டுட்டு வாங்க.”

குளோரியா அவனை ஏற இறங்கப் பார்த்தார். “கடைல நின்னுக்கினு வாங்காதேன்றியே, வேற கடைக்காரன் உனக்கு எவ்ளோ குடுக்கறான்?”

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

4

அவர்தான் வேவு என்று கவியரசன் இன்னமும் நம்புகிறான். இல்லை. அந்த மாதத்து ஆள் நான்தான்.

எழுத்து சோறு போடாததால் பார்க்கும் வேலை. நான் வாய் திறக்குமுன் குளோரியா வந்துவிட்டார். கண்ணால் கண்டதை எழுதினாலே போதும் என்பது கம்பெனி விதி. படிவம் என் முன்னால் இருக்கிறது. பெயரைச் சரியாகச் சொன்னாரா? ஆம். வாங்க வந்தவரை வாங்கவைத்தாரா? இதற்கு ஆம், இல்லை என இரண்டே கட்டங்கள். உண்மையை எழுதினால் அவன் குடோனுக்கு. பொய் எழுதினால், கோவிந்தப்பா பார்த்த சாட்சி, என் வேலை போய்விடும். பக்கம் பக்கமாகப் பொய் எழுதுகிறவனுக்கு ஒரே ஒரு பொய்க்குக் கை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஆறு மணிக்குள் அனுப்பவேண்டும். பேனாவை உங்களிடமே நீட்டுகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: நீங்கள் நிஜமாகவே வாசகர்தானா, இல்லை, என்னைச் சோதிக்கக் கம்பெனி அனுப்பிய ஆளா?