இட்லி வண்டியில் பன்னிரண்டு கை

2006 அக்டோபர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, மத்திகிரி உதயம் சேவைக் கிளப்பின் உறுப்பினர்கள் பதினொரு பேருடைய வலது கைகளும் ஒரு இட்லி வண்டியில் ஒட்டிக்கொண்டன. அன்று ஓசூரில் தக்காளி கிலோ ஆறு ரூபாய், பீன்ஸ் பதினான்கு. மழை இல்லை.

கிளப்பின் தலைவர் ரத்தினவேல் கோவில்பட்டிக்காரர். போல்ட் கம்பெனியில் தரம் பார்க்கிற மேற்பார்வையாளர். மற்றவர்களும் தெற்கிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் பிழைக்க வந்து, கால்நடைப் பண்ணையைச் சுற்றி வாடகை வீடுகளில் இருந்தவர்கள்தான். நல்லவர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உதவியை வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிற பழக்கம் மட்டும் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. கேமராவைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பத்திரிகையில் போடுகிற காலத்தில் நிருபர் நாலு பேருக்கு மேல் நிற்க விடமாட்டார். இணையத்தில் ஆர்குட் வந்ததும் அந்தத் தடையும் நீங்கியது. பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஆனந்த் கிளப்பின் பெயரில் ஒரு கம்யூனிட்டி தொடங்கினான். அதில் முப்பத்தெட்டு பேர் சேர்ந்திருந்தார்கள். கிருஷ்ணகிரியில் இருந்த இன்னொரு கிளப்பின் கம்யூனிட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ரத்தினவேல் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து கிளப் எந்த உதவி செய்தாலும் அதில் எத்தனை கை வைக்கலாம் என்று பார்த்துத்தான் செய்தது. நோட்டுப் புத்தகம் என்றால் இரண்டு கைக்கு மேல் தாங்காது. தையல் மெஷினில் ஆறு கை. சக்கர நாற்காலியில் எட்டு, உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் ஒதுங்கினால் ஒன்பது. தொழிற்சாலை கேட் ஓரம் ஸ்டூல் போட்டு இட்லி விற்றுக்கொண்டிருந்த நாராயணம்மாவுக்கு ஒரு தள்ளுவண்டி கொடுக்கலாம் என்று முடிவானபோது, இருப்பதிலேயே அகலமான வண்டியாகச் செய்யச் சொன்னார்கள். அவள் நிற்கிற இடம் டிரான்ஸ்பார்மருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தின் அகலம் என்ன என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

விழா அவள் வீட்டு வாசலிலேயே நடந்தது. நடுவில் நாராயணம்மா, அவளுக்கு இடது பக்கம் ரத்தினவேல், அதற்கப்புறம் இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து பேர். கிளப் ஆட்கள் எல்லோர் வலது கையும் வண்டியில். முந்தைய ரத்ததான முகாம் படத்தில் நாலு பேர் கண்ணை மூடியிருந்ததால், படம் ஆர்குட்டில் ஏறி எல்லோர் கண்ணும் திறந்திருக்கிறது என்று தெரியும்வரை ஒருவரும் கையை எடுக்கக்கூடாது என்று ரத்தினவேல் உத்தரவு போட்டிருந்தார். ஆனந்த் படத்தை எடுத்துக்கொண்டு சென்டருக்கு ஓடினான். அங்கே இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. மணப்பாறைக்காரரான அசோக்குமார் கிளப் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. டூட்டி இருக்கிறது, மன்னிக்கவும் என்று எஸ்.எம்.எஸ். அனுப்புவார், படத்தில் மட்டும் தன்னைச் சேர்த்துவிடச் சொல்லி இன்னொரு எஸ்.எம்.எஸ். அனுப்புவார். ஆனந்த் அவருடைய கல்யாண வரவேற்புப் படத்திலிருந்து தலையை மாலையோடு வெட்டி, வலது கோடியில் ஒட்டினான். கையை ஒட்ட நாராயணம்மாவின் வலது தோளுக்குப் பக்கத்தில் இட்லிக் குண்டானுக்கு மேல்தான் இடம் இருந்தது. அங்கே ஒட்டினான். பார்த்தால் அசோக்குமாருக்கு எட்டடி நீளத்தில் கை இருப்பது போலத்தான் தெரிந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

ஆனந்த் போனில் "ஏறிடுச்சுண்ணா, எல்லாருக்கும் கண்ணு தெறந்துதான் இருக்குது" என்று சொன்ன நிமிடத்தில் பதினொரு பேரும் கையை எடுக்கப் பார்த்தார்கள். வரவில்லை. அதே நிமிடத்தில் இட்லிக் குண்டானுக்கு மேல், கோட்டு முனையும் தங்க மோதிரமுமாக, மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை முளைத்து விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டது. அங்கே கம்பெனியில் மில்லிங் மெஷினில் நின்றிருந்த அசோக்குமாருக்குக் கையில் ஆவி பட்டது போல இருந்தது. அவர் கை அவரிடமேதான் இருந்தது. இது கூடுதலாக வந்த கை.

தேங்காய் எண்ணெய், சோப்புத் தண்ணீர், மண்ணெண்ணெய் எல்லாம் ஊற்றிப் பார்த்தார்கள். நாராயணம்மா வாசற்படியில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு நான் கேட்டாண்ட நிக்கணும் சார். ரெண்டு நாள் போவலன்னா என் எடத்துல வேற யாராவது நின்னுடுவாங்க. அப்புறம் நான் என்னா பண்ணுவன்." புருஷன் இல்லாத வீட்டில் பதினாறு வருடமாக அந்தச் சந்துதான் சோறு போட்டது.

அதனால் மறுநாள் விடியற்காலையில் அவள் வண்டியைத் தள்ள, பதினொரு பேர் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்தார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி ஊர்வலத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார். கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், வண்டி சந்துக்குள் நுழையவில்லை. எதிர்ப்பக்கம் சாக்கடை ஓரம் நிறுத்தினார்கள். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் பதினொரு முதுகுகளைத்தான் பார்த்தார்களே தவிர இட்லியைப் பார்க்கவில்லை. முட்டைச் சோறு விற்கிற ஆஞ்சப்பன் குருபரப்பள்ளியிலிருந்து வந்து அந்தச் சந்தில் அடுப்பை வைத்தான். "நீ வர்ற வரைக்கும் சும்மா பாத்துக்கறன்க்கா" என்று மரியாதையாகத்தான் சொன்னான். அன்று நாராயணம்மா சுட்ட இட்லி அத்தனையும் கிளப் உறுப்பினர்களே தின்றார்கள், அதுவும் இடது கையால். தின்னும்போது அவர்கள் முகத்தில் இருந்த வெட்கத்தைக் கண்டு அவளே பாவப்பட்டு, அடுத்த நாளிலிருந்து அவர்களுடைய மனைவிமாரை வரச் சொல்லி ஊட்டிவிடச் செய்தாள். காலைக் கடனுக்கு என்ன செய்தார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வண்டியோடுதான் போனார்கள். அதற்கு மேல் சொல்ல இங்கே ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் ரத்தினவேல் ஆனந்தை அழைத்து, படத்தையே எடுத்துவிடச் சொன்னார். ஆனந்த் எடுத்தான். கைகள் விடுபடத் தொடங்கின. கூடவே வண்டியும் வெளுக்கத் தொடங்கியது. முதலில் பெயிண்டு, பிறகு தகரம், கடைசியில் வண்டிக்கு அந்தப் பக்கம் கால்நடைப் பண்ணையில் மாடுகள் மேய்வது வண்டி வழியாகவே தெரிந்தது. நாராயணம்மா இட்லிக் குண்டானை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ரத்தினவேலுக்கு அப்போது விரல் நுனி மட்டும்தான் ஒட்டியிருந்தது. அவர் இடது கையால் போனை எடுத்து, "திரும்பப் போட்டுரு ஆனந்து. அந்தம்மாவுக்கு வண்டி போயிரும்" என்றார். அந்த மனிதரைப் பற்றி எவ்வளவு கேலி பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

படம் திரும்ப ஏறியது. கைகளும் திரும்ப ஒட்டின. வழியைக் கண்டுபிடித்தவன் ஆனந்த்தான். படத்தை மொத்தமாக எடுக்காமல் ஓரத்தில் கொஞ்சம் வெட்டிப் போட்டால் என்ன என்று, வலது கோடியில் மாலையோடு இருந்த அசோக்குமாரின் தலையையும் அதற்குப் பக்கத்தில் நின்ற ஒரு உறுப்பினரையும் வெட்டினான். அந்த உறுப்பினர் சட்டென்று விடுபட்டுச் சாக்கடையில் விழுந்தார். வண்டியும் நாலு விரல் அகலம் குறைந்தது.

இனி எளிதுதான் என்று நினைப்பவர்களுக்கு அந்தக் கிளப்பைத் தெரியாது. ஒட்டிக்கொண்ட செய்தி பரவி, குவைத்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் ஆர்குட்டில் படத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். கம்யூனிட்டியில் ஆயிரத்து எண்ணூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். சொந்த ஊரில் ஏளனமாகப் பேசிய மைத்துனன் எல்லாம் ஆர்குட் ஸ்கிராப் செய்தியில் வணக்கம் போட்டான். அந்தப் படத்திலிருந்து தன்னை வெட்டிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? படத்தை ஓரத்திலிருந்துதான் வெட்ட முடியும் என்பதால், ஓரத்தில் நின்றவன் சம்மதிக்காமல் உள்ளே நின்றவனுக்கு விடுதலை இல்லை. முட்டி மோதி நடுவில் இடம் பிடித்தவர்கள், ஓரத்தில் தள்ளப்பட்டவர்களிடம் அண்ணே, மாமா என்று கெஞ்சினார்கள். ஒருவர் லீவு தீர்ந்ததால் சம்மதித்தார். ஒருவர் மனைவி ஊட்ட மறுத்ததால். ஒருவருக்குப் படத்தில் தொப்பை தெரிகிறது என்று மகள் சொன்னாள். இப்படி இருபது நாளில் பத்துப் பேர் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் வண்டி நாலு விரல் குறுகியது.

இத்தனை நாளும் வியாபாரத்தை ஓரளவு காப்பாற்றியது அந்த ஒட்டுக் கைதான். அதற்கு உடம்பு இல்லாததால் யாரையும் மறைக்காது. வண்டி விளிம்பில் வழுக்கிக்கொண்டே போய்த் தட்டை நீட்டும், இட்லியைத் துணியிலிருந்து பெயர்க்கும், சட்னியைச் சிந்தாமல் ஊற்றும். முதல் நாள் அதைப் பார்த்து ஒதுங்கியவர்கள் மூன்றாம் நாள் அதனிடமே காரச் சட்னி கேட்டார்கள். அசோக்குமாரின் கம்பெனிக்கு எது வார விடுமுறையோ அன்று அதுவும் வேலை செய்யாது.

கடைசியில் ரத்தினவேல் ஒருவர்தான் மிச்சம். கம்யூனிட்டி மூவாயிரத்தைத் தாண்டியது. கிருஷ்ணகிரிக் கிளப்பின் தலைவரே அதில் சேர்ந்திருந்தார். ரத்தினவேல் தினமும் வண்டியோடு வந்து, தினமும் கேட்டுக்கு எதிரில் நின்று, தன்னை வெட்டச் சொல்வதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். வண்டி இப்போது சந்தின் அகலத்துக்கு நாலு விரல்தான் அதிகம். ஆஞ்சப்பன் சந்துக்கு மேல் தகரக் கூரை போட ஆள் கூட்டிவந்து அளந்துகொண்டிருந்தான். நாராயணம்மா அதைப் பார்த்தாள். பிறகு சட்னி வாளியைத் தரையிலிருந்து எடுத்து, வைக்க இடம் தேடி, மறுபடி தரையிலேயே வைத்தாள்.

"சார், நீங்க நல்லவருதான். நான் எங்கேயும் கொறை சொல்ல மாட்டன். ஆனா நீங்க நிக்கறீங்களே, அந்த எடத்துலதான் வாளி வெக்கணும்."

ரத்தினவேல் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். மூக்குத்தி போட்டிருந்தாள். நெற்றியில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. இருபத்து மூன்று நாள் பக்கத்திலேயே நின்றும் அவருக்கு அது தெரியாது. போனை எடுத்து, "என்னையும் வெட்டிருப்பா" என்றார். சொல்லும்போது அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. வண்டி குறுகியது. நாராயணம்மா அதைச் சந்துக்குள் தள்ளினாள். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ஆஞ்சப்பன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி எதிர்ப்பக்கம் போனான். அவனும் பொல்லாதவன் இல்லை.

படத்தில் இப்போது நாராயணம்மாவும் வண்டியும், அவள் தோள் பக்கத்தில் அந்தக் கையும் மட்டும். கையை வெட்டினால் அவளும் வெட்டுப்படுவாள் என்பதால் ஆனந்த் விட்டுவிட்டான். கிளப் ஆட்கள் ஒருவர்கூட இல்லாத அந்தப் படத்தைத்தான் கடைசிவரை அதிகம் பேர் பார்த்தார்கள். யார் கை அது என்று கேட்டவர்களுக்கு, எங்கள் உறுப்பினர்தான், ரொம்ப சுறுசுறுப்பு என்று ரத்தினவேல் பதில் எழுதினார். அந்த வருடச் சிறந்த சேவகர் கேடயம் அசோக்குமாருக்குக் கிடைத்தது. அவர் டூட்டி என்று எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டார். கை வந்து வாங்கிக்கொண்டது.

2009-இல் எல்லோரும் ஆர்குட்டை விட்டு வேறு தளத்துக்குப் போனபோதும் ஆனந்த் அந்தக் கணக்கை மூடவில்லை. அதே வருடம் ஒரு காலையில் அசோக்குமார் முதல்முறையாக வண்டிக்கு வந்தார். மூன்று வருடமாக அவர் உள்ளங்கையில் காலை ஆனால் சூடு ஏறும், விரலில் தேங்காய்ச் சட்னி வாசம் வரும். மனைவி ராஜலட்சுமி அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டிருந்தாள். வரிசையில் நின்றார். கை தட்டை நீட்டியது, அதே மோதிரத்தோடு. அவர் வாங்கினார். கொடுக்கிற கனமும் வாங்குகிற கனமும் ஒரே நேரத்தில் அவருக்குத் தெரிந்தன. நாராயணம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"புதுசா சார், இந்தக் கம்பெனிக்கு?"

"ஆமாம்மா" என்றார் அசோக்குமார். நின்றபடியே நாலு இட்லி சாப்பிட்டார். அவர் கேட்காமலேயே கை இன்னொரு கரண்டி சட்னி ஊற்றியது. நாராயணம்மா வாளியை இழுத்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்தவருக்கு எத்தனை என்று கேட்டாள்.