எந்த நாட்டு ஜெயிலானாலும்

மீன்பிடி ஊரான இனயத்துப் பெண்களுக்கு யாரும் பூகோளம் சொல்லித்தர வேண்டியதில்லை. புருஷன்மார் பிடிபட்ட இடங்கள்தான் அவர்களுக்குப் பாடம். இலங்கை என்றால் கோர்ட்டு, வாய்தா, மறுபடியும் வாய்தா. மாலத்தீவு என்றால் ஆளை விட்டுவிடுவான், படகை விடமாட்டான். இதையெல்லாம் பரீட்சையில் கேட்டிருந்தால் ஊரே முதல் மார்க் வாங்கியிருக்கும்.

லிஜாவும் அப்படிப் படித்தவள்தான். 2015இல் அவள் புருஷன் டிஜோ மீனைத் துரத்திக்கொண்டு மாலத்தீவு எல்லைக்குள் போய் மாட்டிக்கொண்டான். சில வாரம் கழித்து ஆள் வந்தான். படகு வர மறுவருஷம் ஆனது.

வந்தவன் உல்லாசப் பயணம் போய்வந்தவன் மாதிரி கதை அளந்தான்.

"ஆயிரத்துக்கு மேல தீவு கெடக்கு லிஜா. பாதிக்கு மேல ஆளே கெடையாது. மல இல்ல, ஆறு இல்ல. தென்னையில ஏறி நின்னா அதுதான் அந்த நாட்டுக்க மல. சூர மீனப் பிடிக்க வல போடமாட்டானுவ, தூண்டில்ல ஒண்ணொண்ணாத் தூக்குவானுவ. நம்ம படகக் கண்டா வயிறு எரியாதா பின்ன?"

"ஜெயில்ல அடிச்சாவளா?"

"அடிக்கவா? மீன்சாறும் சோறும் தந்தானுவ. செபமாலைய மட்டும் சட்டைக்குள்ள போடச் சொன்னானுவ."

லிஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. படகில்லாத அந்த வருஷம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். படகு வந்த அன்றே அவனைச் சிலுவை நிற்கும் குருசடிக்கு இழுத்துப்போய், குருசில் கையை வைக்கச் சொன்னாள். என்ன வந்தாலும் அந்தத் தீவுப் பக்கம் படகைத் திருப்பமாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். டிஜோவுக்குக் குடி உண்டு, கோபம் உண்டு, வாக்குத் தவறும் பழக்கம் மட்டும் கிடையாது. அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. டிஜோவின் படகும் அவன் தம்பி லிபினின் படகும் அப்போது நம் நாட்டுத் தீவான மினிக்காய்க்கும் அதற்குத் தெற்கே உள்ள மாலத்தீவுக்கும் நடுவே ஒன்றாகத் தொழில் செய்துகொண்டிருந்தன. லிபின் மாலத்தீவில் கரையேறிப் பிழைத்து, கிறிஸ்துமசுக்கு முன்னால் ஊர் வந்துவிட்டான். டிஜோவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஊரில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. லிஜா அழவில்லை. "ரெண்டு படகும் ஒண்ணாத்தான கெடந்தது? இவன் கரையேறினா அவரும் ஏறியிருப்பாரு" என்றாள். விசாரிக்க வந்த அதிகாரிகளுக்கு மாலத்தீவின் லட்சணத்தை அவளே விளக்கினாள். ஆளில்லாத தீவு அத்தனை இருக்கிறதே, எல்லாவற்றிலும் இறங்கிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அந்நிய நாட்டுச் சிறை அவனைத் தொடக்கூடாதென்று வேண்டிய அதே வாயால், "எந்த நாட்டு ஜெயிலானாலும் சரி மாதாவே, உள்ள இருக்கட்டும்" என்று வேண்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் சிறைப்பட்டவர்களுக்காகப் பூசை வைத்தாள். இறந்தவர் பூசை என்று யாராவது வாயெடுத்தால் அவர்கள் குலத்தையே இழுத்தாள். ஆளைப் பறிகொடுத்த மற்றப் பெண்களும் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அங்கே உட்கார்ந்தால் கொஞ்சம் நம்பிக்கை கிடைத்தது. லிபின் மட்டும் வாசலில் மீனை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போய்விடுவான்.

மறு ஆடியில் லிஜா கழுத்துச் சங்கிலியை விற்று பாஸ்போர்ட் எடுத்தாள். லிபினை ஆளனுப்பி வரவழைத்தாள்.

"திருவனந்தபுரத்துல பிளேன் ஏறினா கொஞ்ச நேரத்துல மாலேயாம். நீயும் வா லிபினே. ஒனக்குத்தான் அந்த வழி தெரியும். ஒவ்வொரு தீவா பாப்போம்."

லிபின் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போவாண்டாம் மைனி."

"ஏம்லே? பணமா? எனக்கத் தாலிய வித்தாவது..."

"அண்ணன் அங்க வரல்ல மைனி."

லிஜா பாஸ்போர்ட்டைக் கீழே வைத்தாள்.

"காத்து ஏறுனப்ப நான் வயர்லெஸ்ல கத்தினேன். தெக்கத் திருப்புங்க, மாலத்தீவுல ஏறிருவோம், பிடிச்சா பிடிக்கட்டும்னு கெஞ்சினேன். 'நீ போலே, நான் மினிக்காய்க்கு ஏறுகேன், அது நம்ம நாடுதான'ன்னு சொன்னாரு. வடக்க திருப்பிட்டாரு. புயலும் அங்கதான் போச்சு."

"ஏன் திருப்பினாரு?"

லிபின் எழுந்து போகப் பார்த்தான்.

"ஏன்லே திருப்பினாரு? சொல்லு!"

"'லிஜாட்ட குருசு தொட்டு சத்தியம் பண்ணியிருக்கேன், அவளப் பத்தி ஒனக்குத் தெரியாதா'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. பின்ன சத்தம் கேக்கல்ல." அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "ஒங்களிட்ட இத எந்த வாயால சொல்லுவேன் மைனி?"

எட்டு மாதமாக மாதாவிடம் மன்றாடிக் கேட்ட அந்தச் சிறைக்கதவை, இரண்டு வருஷம் முன்பே குருசடியில் லிஜாவே சாத்தியிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அவள் கோயிலுக்குப் போனாள். பூசைக்குப் பேர் எழுதும் உபதேசியார் மரியான் அவளைக் கண்டதும் வழக்கம்போலக் கேட்டார். "சிறைப்பட்டவங்களுக்குத்தான மக்கா?"

"இல்ல. செத்தவங்களுக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏதாவது தகவல் வந்துதா?"

"அவரு அங்க போகல்ல" என்றாள் லிஜா. "நான் விடல்ல."