பதினொரு எழுத்துச் சட்டை

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொத்தானிலிருந்து வந்தது. நேற்று பழைய சட்டையொன்றை மடிக்கும்போது, உள்விளிம்பில் உபரியாகத் தைத்திருந்த பொத்தான் விரலில் தட்டுப்பட்டது. மற்றொன்று அறுந்தால்தான் அதற்கு வேலை. உடனே டெனிஸ் டொம்ப்ரோவெக்கியை நினைத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஒஹையோவின் வெயிலில் நாயகனின் மட்டை மின்னலென

[நிறுத்திவிட்டேன். டொம்மின் மட்டையில் ஒருநாளும் மின்னல் இருந்ததில்லை. ஐந்து தடவை பிடித்தால் ஒரு தடவை அடிப்பார்.]

2

பேஸ்பால் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், கண்ணுகளா. உள்மைதானத்தில் நான்கு இடங்கள். நான்குக்கும் ஆள் உண்டு. ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கினாலோ குழந்தை பிறந்தாலோ டொம் அங்கே போய் நிற்பார். மற்ற நாளெல்லாம் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறிப்பார். பதினொரு வருஷம், ஏழு ஊர், பையில் மூன்று கையுறை.

எங்கள் அணி பெரிய லீகுக்கு ஒரு படி கீழே. பார்வையாளர் இருக்கைகளுக்கு அடியிலிருந்த அறையில் ஆட்டக்காரர்களின் சட்டைகளில் பெயர் தைப்பது என் வேலை. டொம்ப்ரோவெக்கி, ஆங்கிலத்தில் பதினொரு எழுத்து. அவரை மேலே அனுப்பினால் பிரிக்கணும். திரும்பி வந்தால் தைக்கணும்.*

* லீ என்று ஒருவன் இருந்தான். மூன்றே எழுத்து. அவன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

3

அன்று பிற்பகல் ஆட்டம். உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆர்வில், ஒரு சாம்பல் நிறச் சட்டையோடு வந்தார். வெளியூர் ஆட்டத்துக்குப் போடுவது.

"பேரைப் பிரிச்சிடும்மா, லவெர்ன்."

"டொம்மோடதா? மேல கூப்பிட்டுட்டாங்களா?"

"இல்ல. வேண்டாம்னுட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் மேனேஜர் சொல்வாரு. நீ வாயத் தொறக்காத."

"முப்பத்திநாலு வயசு, ஆர்வில். இனிமே யாரு கூப்பிடுவா?"

"அதான் எனக்கும் சாப்பாடே எறங்கல. ரெண்டு ஹாட்டாக்தான் தின்னேன்."

[ஆர்வில் அழுதாரென்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். அழுதிருக்கலாம். ஹாட்டாக் மட்டும் நிச்சயம்.]

நான் ரேடியோவைப் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தேன். மெதுவாகத்தான்.

4

எட்டாவது இன்னிங்ஸில், உள்மைதானத்தில் எங்கள் இரண்டாம் தளத்தைக் காப்பவருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. டொம் இறங்கினார். கடைசியான ஒன்பதாவதில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் ஒருவரை வீழ்த்தினால் முடிந்தது. எதிரணிக்காரன் ஒருவன் ஓங்கி அடித்துவிட்டு இரண்டாம் தளம்வரை ஓடிவந்து நின்றான். பந்து டொம்மிடம் வந்தது. டொம் பந்துவீச்சாளரிடம் நடந்தார், முதுகில் தட்டினார், திரும்பி வந்தார். பந்தைக் கொடுத்துவிட்டார் என்றுதான் மைதானமே நினைத்தது.

இனி வருகிற பேச்சை நான் கேட்கவில்லை. ரேடியோவில் கூட்டத்தின் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. பேச்சு என் தையல்.

"உன் பொண்ணுக்குப் பல்லு மொளச்சிடுச்சாப்பா?"

"ரெண்டு மொளச்சிருக்கு" என்றபடி அவன் தளத்தைவிட்டு ஓரடி நகர்ந்தான்.

டொம் கையுறையால் அவன் தோளைத் தொட்டார். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு பாரு."

உள்ளே பந்து. தளத்தில் கால் இல்லாதவனைப் பந்தோடு தொட்டால் அவன் அவுட். ஆட்டம் முடிந்தது.

5

மேனேஜரைப் பார்க்கும் முன்பே டொம் என்னிடம்தான் வந்தார். கையில் உபரிக் கையுறை, அதன் வார் அறுந்திருந்தது. தைத்துத் தரச் சொல்ல வந்தவர், என் மடியிலிருந்த சட்டையைப் பார்த்தார்.

சமாளிக்க ஒரு வாக்கியம் தேடினேன்: துவைக்கப் போகிறது, எழுத்துகள் சாயம்

[இந்தப் பொய்யை அன்றும் முடிக்க முடியவில்லை.]

"என் பேரு ரொம்ப நீளம்னு எப்பவும் திட்டுவீங்க" என்றார். "இப்ப சந்தோஷம்தானே?"

"இல்லடா. இன்னும் மூணு எழுத்து பிரிக்கல."

"லீ மாதிரி ஆயிட்டேன்னு சொல்லுங்க." சிரித்தார். ஆனால் நாற்காலியில் உட்காரவில்லை.

6

அடுத்து என்ன? டொம் கொலம்பஸில் அண்ணனின் தச்சுக்கடைக்குப் போனார் என்று ஒரு முடிவு எழுதினேன். கதவெல்லாம் சரியாகப் பொருந்தின. இன்னும் ஒரு கோடை ஆடினார் என்று இன்னொன்று எழுதினேன். அதிலும் விதைதான் கொறித்தார். எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அன்று அந்த அறையில் எனக்கும் தெரியாதே. நீங்கள் மட்டும் ஏன் முன்னால் போகணும்?

சுவரில் தொங்கிய போன் அடிக்கிறது. மேலே மேனேஜர் அறையிலிருந்து. டொம் என்னைப் பார்க்கிறார். என் கையில் சட்டை இருக்கிறது. பிரித்த எட்டு எழுத்தும் மேசையில் வரிசையாக இருக்கின்றன. யாரும் சொல்லாமலே நான் ஊசியில் நூல் கோத்துவிட்டேன்.

போனை நீங்கள் எடுங்கள்.