மாறாத இனிஷியல்

விவாகரத்து ஆனதும் ஸ்மிதா முதலில் செய்த வேலை இனிஷியலை மாற்றியதுதான். பாங்க், பான் கார்டு, காஸ் கனெக்‌ஷன் என்று ஒவ்வொரு கவுண்டரிலும் கால்கடுக்க நின்று, சாய்கிருஷ்ணாவின் ‘எஸ்’ஸைத் துரத்திவிட்டு அப்பா லக்ஷ்மிநாராயணனின் ‘எல்’லைக் கொண்டுவந்தாள். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார், நமக்கென்று ஓர் எழுத்து கிடையாது என்பது தனி வயிற்றெரிச்சல்.

மிச்சம் இருந்தது ஒரே இடம். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு மாடியறையில், அவளுடைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது.

பாட்டுப் பதிவு செய்கிற மென்பொருளில் எதிரொலி சேர்க்க, இரைச்சலை நீக்க என்று குட்டிக் குட்டி நிரல்களைச் செருகிக்கொள்வார்கள். ப்ளகின் என்று பெயர். யார் எழுதிய ப்ளகினும் யாருடைய மென்பொருளிலும் ஓட வேண்டுமானால் பொதுவான விதிகள் வேண்டும். கல்யாணமான புதிதில் ஸ்மிதா அப்படி ஒரு விதித்தொகுப்பை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டாள். அதில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் இணைய முகவரி ஒட்டியிருக்கும், நம் இனிஷியல் மாதிரி. முகவரியை வாங்கித் தந்தவன் சாய்கிருஷ்ணா. ‘சாய்ஸ்மிதா’. அப்போது அது இனிக்கத்தான் செய்தது.

வருஷக்கணக்கில் ஆளாளுக்குச் சேர்த்ததில் அந்தத் தொகுப்பு கல்யாண வீட்டு ஸ்டோர் ரூம் மாதிரி ஆகிவிட்டது. 2011 கோடையில் ஸ்மிதா புடவையைச் செருகிக்கொள்ளாத குறையாக இறங்கினாள். சிதறிக் கிடந்த கோப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தாள். யாருக்கும் உதவாததை வெட்டினாள். கடைசியில், யாரிடமும் சொல்லாமல், சாய்ஸ்மிதாவையும் வெட்டினாள். ஒரே கட்டளைதான். கண்மூடித் திறப்பதற்குள் எல்லா இடத்திலும் புதுப் பெயர். அன்றைக்கு அவள் கேட்டு வாங்கித் தோசை சாப்பிட்டதைப் பார்த்து அம்மா ஜலஜாவே அசந்துபோனாள்.

சோதனைப் பதிப்பு வெளியானதும் பின்லாந்திலிருந்து ஒருவர் எழுதினார்: ‘என் பழைய பாட்டுகளைத் திறந்தால் எல்லாம் ஊமை. பழைய பெயரைத் தேடுகின்றன. அந்தப் பெயரில் என்ன குறை?’

ஊரே படிக்கிற இடத்தில் இதற்கு என்ன பதில் எழுதுவது? இரண்டு பெயரையும் வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தாள். அதற்கு உலகத்து மென்பொருளெல்லாம் மாற வேண்டும். வெளியிட்ட பெயரை ஒருநாளும் மாற்றக்கூடாது என்று விதி எழுதியதும் அவளேதான். தன் கையே தன் கண்ணைக் குத்தினால் யாரிடம் போய் அழுவது?

பழைய பெயரையே திரும்ப வைத்தாள். அது இருக்க வேண்டுமென்றால் முகவரியும் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த அந்த முகவரிக்கு அடுத்த மாதம் கெடு முடிகிறது. பதிவோ அவன் பெயரில். விட்டால் எவனாவது வாங்கி அதில் சீட்டாட்ட விளம்பரம் போடுவான்.

“அவன்கிட்டயா பேசப்போறே? வெக்கமா இல்ல?” என்றாள் ஜலஜா.

“வேற வழி இல்லம்மா.”

மல்காஜ்கிரியில் இருந்த சாய்கிருஷ்ணா முதல் மணியிலேயே போனை எடுத்தான்.

“ஸ்மி! அட்ரஸ் விஷயம்தானே? அப்பவே ரென்யூ பண்ணிட்டேன். பத்து வருஷத்துக்கு. அதுக்கு மேல விடமாட்டேங்கறான்.”

அவன் கத்தியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சண்டைக்குத் தயாராகத்தான் நம்பரைப் போட்டாள்.

“அத என் பேருக்கு மாத்திக் குடுத்துடு, சாய்.”

“நக்கோ ஸ்மி, வேண்டாம்.” குரல் இறங்கியது. “ஃப்ளாட்ட வித்தாச்சு. கார வித்தாச்சு. நம்ம ரெண்டு பேர் பேரும் சேர்ந்து இருக்கறது அது ஒண்ணுதான். இருந்துட்டுப் போகட்டுமே. உன் வேலையும் நிக்காது பாரு.”

கெடுபிடி செய்கிறவன் என்றால் வக்கீலிடம் போகலாம். அன்பாகப் பிடித்துக்கொள்கிறவனை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? போனை வைத்துவிடலாமா என்று பார்த்தாள். கோபம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் அவள் கோபப்படப்போய் அவன் முகவரியை விட்டுவிட்டால், இத்தனை வருஷ உழைப்பும் அதோடு போயிற்று.

“தேங்க்ஸ்” என்றாள்.

“பரவால்ல ஸ்மி. பத்து வருஷம் கழிச்சு மறக்காம போன் பண்ணு.”