நாலாம் நம்பர்

வெள்ளிக்கிழமை பாதி ஷட்டரை இறக்கிய பிறகு குனிந்து உள்ளே வருகிறவர்களைக் கண்டால் சாஜித்துக்கு எரிச்சலாக வரும். தாம்பரம் மார்க்கெட் தெருவில் அந்தச் செருப்புக்கடை இருப்பது ஊருக்கெல்லாம் தெரியும்; வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா தொழுகைக்கு ஒரு மணி நேரம் மூடுவார்கள் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. முதலாளி அமீருதீன் பாய் அப்போதுதான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு படியிறங்கியிருந்தார். "வந்தவங்கள இல்லன்னு சொல்லி அனுப்பிடாத சாஜித்து. பாத்து முடிச்சுட்டு வா" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்தவர்கள் ஒரு அம்மாவும் மகளும். அம்மாவின் சேலை ஓரத்தில் காய்ந்த சிமெண்ட் ஒட்டியிருந்தது. மகளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி, ஆனால் கெண்டைக்கால் கல்லு மாதிரி.

"அண்ணா, சேத்துல ஓடுறதுக்கு ஒரு ஷூ வேணும்" என்றாள் அந்தப் பெண்.

சாஜித் பத்து வருஷமாக ஷூ விற்கிறான். கல்யாணத்துக்கு விற்றிருக்கிறான், ஆபீசுக்கு விற்றிருக்கிறான், டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வந்தவர்களுக்கெல்லாம் விற்றிருக்கிறான். எல்லோரும் சேறு படாமல் இருக்கத்தான் ஷூ வாங்குவார்கள். சேற்றுக்கென்றே ஷூ கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான். அவனுக்கு சுவாரசியம் தட்டிவிட்டது. எரிச்சல் எங்கே போனதோ போயிற்று.

பெயர் சினேகா. முடிச்சூர். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்புச் சாமான்களுக்குப் பிசிறு எடுக்கிற வேலை, நாள் முழுக்க நின்றுகொண்டே அரம் போடவேண்டும். கோவளம் பக்கத்தில் புதிதாக ஒரு சாகசப் பயிற்சி முகாம் வருகிறது, ஐ.டி. கம்பெனிக்காரர்களை அழைத்துவந்து கயிறு ஏற, சுவர் தாண்ட வைப்பார்களாம். அங்கே பெண் பயிற்சியாளர்கள் இரண்டு பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயம். டயர், வலை, ஆறடி மரச்சுவர், கடைசியில் இடுப்பளவு களிமண் குழி. முதல் இரண்டு பேருக்கு அன்றைக்கே வேலை. இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"வெறுங்கால்ல ஓடினா குதிரை மாரி ஓடும் சார் இது. ஷூ இல்லாம வுடமாட்டேன்றாங்களாம். அதான் பேஜாரு" என்றாள் அம்மா எல்லம்மா. முடிச்சூரில் புதிதாக எழும்புகிற ஃபிளாட்டுகளில் சித்தாள் வேலை செய்கிறவள்.

"ரெண்டு கால்லயும் ஷூவோட முடிச்சாத்தான் கணக்குண்ணா. அடிபட்டா அவங்க பொறுப்பாயிடுமாம்."

சாஜித் ஒவ்வொரு ஜோடியாக இறக்கினான். பளபளவென்று தடிமனான ஸ்பாஞ்ச் வைத்த ஜாகிங் ஷூவை அவளே எடுத்து ஆசையாகத் தடவினாள். அவன் பிடுங்கி ஓரமாக வைத்தான். "இது வேணாம்மா. தண்ணிய குடிச்சிடும். குழியில இருந்து ஏறும்போது காலுக்கு ஒரு கிலோ கூடிடும்." தோல் ஷூவும் வேண்டாம், நனைந்தால் விறைத்துக் கடிக்கும். கடைசியில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் போடுகிற துணி ஷூ ஒன்றை எடுத்தான். மேலே மெல்லிசுத் துணி, உள்ளே போன தண்ணீர் வந்த வழியே வெளியே போய்விடும். அடியில் ரப்பர் குமிழ்கள், மண்ணைக் கவ்விப் பிடிக்கும். "காலுக்கு தோலு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கணும். அதான் முக்கியம்" என்று சொன்னான். சத்தியமாக அந்தப் பத்து நிமிஷமும் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சினேகா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை அக்கறையாக யாரும் அவளுக்கு எதையும் விற்றதில்லை போலிருக்கிறது.

அளவுப் பலகையில் கால் வைக்கச் சொன்னான். நாலாம் நம்பர். அலமாரியில் இருந்தது ஐந்தாம் நம்பர்.

நாலு இருந்தது. இல்லாமல் இல்லை. பின் சந்தில், இரண்டாம் மாடிக் குடோனில், பள்ளிக்கூட ஷூ அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. பூட்டைத் திறந்து, பெட்டிகளைப் பிரித்து எடுத்துவர இருபது நிமிஷம் ஆகும். சரியாக அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

அவன் செய்ததற்குக் கடைத்தொழிலில் ஒரு பெயர்கூடக் கிடையாது, அத்தனை சாதாரணம் அது. பெட்டியை எடுக்கிற சாக்கில் திரும்பி நின்று, ஐந்தாம் நம்பர் ஷூவுக்குள் தனியாக ஒரு சோல் அட்டையை நுழைத்தான். செய்தித்தாளைக் கிழித்து உருட்டி, நுனியில் அடைத்தான். பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் காலை உள்ளே விட்டு, லேஸைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக் கட்டினான். "நடந்து பாரும்மா." கார்ப்பெட் விரிப்பில் ஐந்தாம் நம்பர் என்ன, ஏழாம் நம்பர்கூட நடக்கும். நடந்தது.

எல்லம்மா குனிந்து குதிகால் பக்கம் விரலை விட்டாள். "இன்னா சார், லூசா கீதே?"

"ஓடுறப்ப கால் வீங்கும்க்கா. கொஞ்சம் எடம் வேணும்."

"சேத்துல கழண்டுக்காதுல்ல அண்ணா?" என்று கேட்டாள் சினேகா.

"கழண்டா என்ன வந்து கேளு. நான் கேரண்டி."

அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? காலோடு ஒட்டியிருக்கவேண்டும் என்று சற்று முன்னால் சொன்னவனும் இவன்தானே. அந்தப் பத்து நிமிஷ உண்மைதான் இந்தப் பொய்யை விற்றுக்கொடுத்தது. பள்ளிவாசலில் ஹவுள் தொட்டியோரம் உட்கார்ந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும்போது சாஜித் தன் குதிகாலைக் கழுவினான். அந்தப் பெண்ணின் குதிகால் ஞாபகம் வந்தது. இன்னொரு தரம் கழுவினான். தொழுகையில் இமாம் என்ன ஓதினார் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் மழை பிடித்துக்கொண்டது. பெய்தால் பெய்யட்டும் என்று விட முடிகிறதா? ஒவ்வொரு தூறலும் கோவளத்துக் குழியில் விழுவது போலவே இருந்தது. ஒண்ணும் ஆகாது, எத்தனை பேருக்கு அட்டை வைத்துக் கொடுத்திருக்கிறோம், ஒருத்தனாவது திரும்பி வந்தானா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அவர்கள் எல்லாம் தார் ரோட்டில் நடக்கிறவர்கள் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம், அதே ஷூவில் ஒன்பதாம் நம்பரை எடுத்தான். அவன் கால் எட்டு. அட்டை வைத்து, தாள் அடைத்து, இழுத்துக் கட்டிக்கொண்டு பின் சந்துக்குப் போனான். சாக்கடைக்குத் தோண்டிப் பாதியில் விட்டிருந்த பள்ளத்தில் களிமண் குழம்பாகக் கிடந்தது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். முதல் அடி வந்தது. இரண்டாவது அடியும் வந்தது. மூன்றாவதில் கால் மட்டும் வந்தது.

வெறும் சாக்ஸோடு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு சந்தின் நடுவில் நின்றான். மண்ணுக்குள் கையை விட்டால் முழங்கை வரை போனது. ஷூவை வெளியே இழுக்க அவன் நின்றுகொண்டு எண்ணியதில் நாற்பது விநாடிக்கு மேல் ஆயிற்று. எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பியூலா அக்கா, "இன்னாபா சாஜித்து, நாத்து நடுறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. கையைக் கழுவின கையோடு குடோனுக்கு ஏறி, நாலாம் நம்பர் பெட்டியைத் தேடி எடுத்தான். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை. ஆனால் முடிச்சூரில் எந்தத் தெரு என்று கேட்டு வைக்கவில்லை, ஃபோன் நம்பரும் இல்லை. பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினான். பஸ்ஸிலிருந்தே முதலாளிக்கு ஃபோன் போட்டு, கடைக்கு வர லேட்டாகும், கோவளம் போகிறேன் என்றான்.

"கோவளத்துல என்னப்பா? மீன் வாங்கவா?"

"இல்ல பாய். ஒரு கஸ்டமருக்கு ஷூ மாத்திக் குடுக்க."

"அடேயப்பா! வூடு தேடிப்போயா மாத்தித் தர்றோம் இப்பல்லாம்?" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

கேளம்பாக்கத்தில் அடுத்த பஸ் வருவதாக இல்லை. ஷேர் ஆட்டோவுக்கு ஆள் சேர அரை மணி நேரம். முகாமின் மூங்கில் கேட்டுக்குள் அவன் நுழையும்போது விசில் ஊதிவிட்டார்கள். பதினான்கு பெண்கள் டயர்களுக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தார்கள். சினேகா எல்லோருக்கும் முன்னால் இருந்தாள். வலைக்கு அடியில் புகுந்து முதலில் வெளியே வந்தாள். மரச்சுவரை இரண்டே எட்டில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். "ஓடுடி! வுடாத, ஓடுடி!" என்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் எல்லம்மா கூடவே ஓடிக்கொண்டிருந்தாள். சாஜித் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யா அல்லாஹ், குழியை மட்டும் தாண்ட விடு, என்று நின்றான்.

குழியில் பாதி தூரம் வரை வந்தாள். பிறகு நின்றாள். வலது காலைத் தூக்கினாள். அதில் சேறு வழிந்த ஐந்து விரல்கள் தெரிந்தன. அப்படியே ஓடியிருந்தால் முதலாவதாக வந்திருப்பாள். ஆனால் இரண்டு காலிலும் ஷூ இருக்கவேண்டும். அவள் தாடை மண்ணில் படக் குனிந்து இரண்டு கையாலும் துழாவினாள். ஒருத்தி தாண்டிப் போனாள். இன்னொருத்தி. சாஜித் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான். "சார், வெளி ஆள் தொட்டா அவங்க அவுட்" என்று ஒருவர் தடுத்தார். மூன்றாவதாக ஒருத்தி போனபோது சினேகாவின் கையில் ஷூ வந்தது. மாட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வைத்து முடித்தாள். நாலாவது.

தண்ணீர் லாரிக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"அண்ணா! எனக்காகவா வந்தீங்க?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான்தாண்ணா சொதப்பிட்டேன். நீங்க அன்னிக்கு எவ்ளோ இழுத்துக் கட்டுனீங்க. எனக்கு அந்த மாதிரி கட்ட வரல" என்றாள்.

இதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். குழாயடியில் எல்லம்மா ஷூவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கவிழ்த்து உதறியதும் சோல் அட்டை நழுவிக் கீழே விழுந்தது. அவள் நுனிக்குள் விரலை விட்டு எதையோ நோண்டினாள். ஊறிப்போன காகித உருண்டை ஒன்று வந்தது.

"இன்னாது இது? உள்ள பேப்பர் கீது?"

"நான் வெச்சதுக்கா."

"எதுக்கு?"

"அது அஞ்சாம் நம்பர். பாப்பாவுக்கு நாலு."

எல்லம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் உருண்டையை அவன் சட்டை மேலேயே விட்டெறிந்தாள். "அடப்பாவி மன்சா! பத்து நாளா ஏரிக்கரை மேல ஓடிக்கினு கெடந்துச்சேயா இது. வேலைக்கு லீவு போட்டுக்கினு வந்துக்கீதேயா. உனக்கு நாங்க இன்னா பண்ணோம்?"

அவன் பெட்டியைத் திறந்தான். அதே துணி ஷூ, அதே ரப்பர் குமிழ்கள். சினேகா அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது அன்னிக்குக் கடையில இல்லையாண்ணா?"

தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. தான் செய்ததற்கு அதை வேறு இழுப்பதா என்று விழுங்கிக்கொண்டான். "இருந்துச்சு" என்றான்.

அவள் டயரில் உட்கார்ந்து வலது காலை நீட்டினாள். பழக்கத்தில் அவன் முழங்கால் தானாக மடங்கியது. சேற்றோடு இருந்த காலை ஷூவுக்குள் விட்டான். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துத் தள்ளினான். விரலை எடுக்கக்கூட இடமில்லாமல் சரியாக உட்கார்ந்தது. லேஸை சும்மா முடிந்தான், இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.

சினேகா எழுந்து குழியை நோக்கி நடந்தாள். ஜெயித்த இரண்டு பேரை மேசைக்கு அழைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அங்கே இருந்தார்கள், குழியில் யாருமில்லை. அவள் விளிம்பில் நின்று வலது காலை முழங்கால் வரை சேற்றில் விட்டாள். இழுத்தாள். ஷூ காலோடு வந்தது. மறுபடியும் விட்டாள், இன்னும் ஆழமாக. இழுத்தாள். எல்லம்மா, "வுட்டுட்டு வாம்மா" என்று கூப்பிட்டது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சாஜித் இடது ஷூ மட்டும் மிஞ்சிய பெட்டியோடு முழங்காலிட்ட இடத்திலேயே இருந்தான். அவள் விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஷூ காலோடு வந்தது.