ஏழாவது ஆள் வரும்வரை

எங்கள் ஊர்ப் புனிதர் சான் ரோக்கேயின் திருவிழா மலருக்கு எங்கள் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி ஊராட்சித் தலைவர் கேட்டிருந்தார். மார்ச் மாதம் முழுவதும் அந்தக் காகிதம் என் சமையலறை மேசையில் ரொட்டிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. 1931இல் எங்கள் ஊரான ஃபுவென்லோபோஸின் கதிரடிக்கும் களத்தில் கழகம் பிறந்தது. 1952இல் மாகாணக் கோப்பை. 1974இல் ஆட்டக்காரர்களுக்குக் குளிக்க ஓர் அறை. இதெல்லாம் சுலபமாக வந்துவிடும். 1998க்கு வந்ததும் பேனாவை மூடிவிடுவேன்.

அந்த வருடத்துக் கடைசி ஆட்டம் பக்கத்து ஊர் நவால்சாவோடு. அவர்களுடைய வேன் கணவாயில் ஓர் ஆட்டு மந்தைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வராத அணிக்காக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் மைதானத்திலிருந்து பார்த்தால் கணவாய்ச் சாலையின் கடைசி வளைவு தெரியும். வேன் அங்கே நின்றதை எல்லோரும் பார்த்தோம். அரை மணி முடிந்ததும், கழகப் பொறுப்பாளன் என்ற முறையில் நான்தான் நடுவரிடம் கடிகாரத்தைக் காட்டினேன். ஆடாமலே வெற்றி. நாங்கள் பிரிவில் நீடித்தோம். அவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு இருபத்தேழு வருடங்கள் ஓடிவிட்டன. இன்னமும் நான்தான் பொறுப்பாளன். சட்டைகளைத் துவைப்பதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும் நான்தான். அலுத்துவிட்டது. ஊரில் நூற்று எண்பது பேர் இருக்கிறோம். அதில் ஓடக்கூடியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நவம்பரில் காய்ச்சல் வந்து ஒரு முறை அணி இறங்கவில்லை. ஆட்டம் தொடங்கக் குறைந்தது ஏழு பேர் வேண்டும்; இன்னொரு முறை அந்த ஏழு பேர் சேராவிட்டால் கழகத்தின் பெயரை அடித்துவிடுவதாக மாகாண சங்கம் கடிதம் அனுப்பியிருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நவால்சாக்காரர்கள் வந்தார்கள். நான்கு மணிக்கு ஆட்டம். எங்கள் பக்கம் ஆறு பேர் நின்றார்கள்.

ஏழாவது ஆள் எங்கள் கோல்கீப்பர், பங்குச்சாமியார் செலெதோனியோ. காலையிலிருந்து ஐந்து ஊர்களில் பூசை வைத்துவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், பெரால் ஊரில் ஒரு மூதாட்டி சாகக் கிடப்பதாகச் சொல்லி அழைத்துப் போய்விட்டார்கள். முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் போன் செய்யவில்லை. சாகிறவளின் கையை விட்டுவிட்டு வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

"சாமி வரலன்னா நீதான்யா கையுறை மாட்டணும்," என்றான் ஹசிந்தோ. குழாய் வேலை செய்பவன். நாற்பத்து நான்கு வயதில் எங்கள் முன்கள ஆட்டக்காரன்.

"எனக்கு ஆட்டக்காரர் அட்டை இல்ல."

"முட்டியும் இல்ல. அட்டையாவது எழுதி வாங்கிரலாம்."

நடுவர் ஒல்லியான இளைஞர். ஆறு பேரையும் இரண்டு முறை எண்ணினார். "நாலரை வரைக்கும் பாப்பேன். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணுமில்ல," என்றார்.

நவால்சாவின் பொறுப்பாளர் எலாதியா. என் வயதுதான். 1998இல் அந்த வேனை ஓட்டியவள் அவள்தான். அதன்பிறகு எங்களுக்குள் வணக்கத்துக்கு மேல் பேச்சில்லை. இப்போது அவள் தன் கடிகாரத்தைப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். அவளோ நேராக எங்கள் கோல் கம்பத்துக்கு நடந்து போய் வலைக்குள் கையை விட்டாள். முழங்கைவரை போயிற்று.

"இந்த வலையில ஓட்டை இருக்கு."

"அது பத்து வருஷமா இருக்கு," என்றான் ஹசிந்தோ.

"அப்போ பத்து வருஷமா தப்பு. தம்பி, இப்பிடி வந்து பாருங்க. பந்து உள்ள போச்சா வெளிய போச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க?"

நடுவர் வந்து பார்த்தார். அவள் சொன்னது சரிதான். "வலை சரியாகிற வரைக்கும் மைதானம் தயார்னு நான் எழுத முடியாது. அரை மணிக் கணக்கு அதுக்கப்புறம்தான்," என்றார்.

எல்லோர் முன்னாலும் என்னை மண்டியிட வைத்துப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இது வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றை எடுத்துவந்து முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, நான் போட்ட முதல் முடிச்சை அவிழ்த்தாள்.

"ஏன் அவுக்கறீங்க?"

"இதுல பந்து போயிரும்."

"அதுல விரல்கூடப் போகாதே."

"எவுதிமியோ, உங்களுக்கென்ன அவசரம்?"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கைகள் கயிற்றில் இருந்தன, கண்கள் கணவாய்ச் சாலையின் வளைவில் இருந்தன.

அதற்குப் பிறகு நானும் மெதுவாகவே கட்டினேன். அவள் ஆட்கள் கோட்டோரத்தில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவன் வந்தான். "அக்கா, குளிருது. ஆளில்லன்னு எழுதி வாங்கிட்டுப் போயிரலாமே. மூணு புள்ளி சும்மா வருது."

"ஓடு. ஓடுனா குளிராது."

அவன் போன பிறகு நான் சொன்னேன்: "அன்னைக்கு உங்க வேன் எனக்குத் தெரிஞ்சுது."

"நீங்க கடிகாரத்தைக் காட்டினதும் எங்களுக்குத் தெரிஞ்சுது. வேன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைச்சேன்."

"பாத்தேன்."

"ம்." ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "அந்த ஆட்டுக்காரன் உங்க மச்சான்னு எங்க ஊர்ல இன்னமும் சொல்றாங்க."

"எனக்கு மச்சானே கிடையாது."

"அதையும் சொல்லிப் பாத்தேன். நம்ப மாட்டேங்கறாங்க."

ஐந்து மணிக்குமேல் வளைவில் சாமியாரின் பழைய கார் தெரிந்தது. எலாதியா எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "வலை போதும்," என்று நடுவரிடம் சொன்னாள்.

சாமியார் இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. சாகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழ் இன்னும் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை வாங்கி என் கைக்குட்டையில் பொதிந்து வைத்தேன்.

"போயிட்டாங்களா சாமி?"

"அமைதியா. கடைசியில தண்ணி கேட்டாங்க. துணியை நனைச்சு உதட்டுல வச்சேன்." சட்டைக் கையை மடித்துவிட்டார். "கையுறை எங்க?"

ஏழு பேரோடு ஆடினோம். பதினொரு கோல் வாங்கினோம். நவால்சாக்காரர்கள் இரக்கப்பட்டு மெதுவாக ஆடியதாகச் சொல்ல மாட்டேன். நன்றாகவே ஓடினார்கள், குளிர் இல்லையா. ஏழாவது கோலில் சாமியார் பந்தை எடுத்துக்கொண்டே, "இந்த வலை ரொம்ப நல்லாயிருக்கு. முள்ளுச்செடிக்குள்ள போய்த் தேட வேண்டியதில்ல," என்றார். நடுவர் ஏழு பெயர்களையும் எழுதிக் கையெழுத்திட்டார். கழகம் பிழைத்தது, இந்த வருடத்துக்கு.

வீட்டுக்கு வந்து ஏழு சட்டைகளையும் ஊறப் போட்டேன். முதுகு வலித்தது. செப்டம்பரில் அடுத்த பருவம் தொடங்கும்போது யார் இருப்பார்கள், ஹசிந்தோவின் முட்டி தாங்குமா, எதுவும் தெரியாது. இறைவன் எங்கள் மலைப்பக்கத்துக்குப் பெரிய அற்புதம் எதையும் அனுப்பியதில்லை. ஒரு கயிற்றையும் ஒரு பெண்ணின் பொறுமையையும் அனுப்பினார். அது போதுமாக இருந்தது.

ரொட்டிப் பெட்டிக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதினேன்: "1998. நவால்சா அணியின் வேன் சாலை வளைவில் நின்றது எங்களுக்குத் தெரிந்திருந்தது. பொறுப்பாளர் காத்திருக்கவில்லை. ஆடாமல் வென்றோம்." எலாதியாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"விளக்கைப் போட்டுக் காட்டினோம்னும் சேத்துக்கோங்க," என்றாள்.

சேர்த்துக்கொண்டேன்.

"ஆட்டுக்காரன் மச்சான் இல்லைன்னும் எழுதிருங்க. நான் சொல்லி அலுத்துப்போச்சு."