முப்பது பேருக்கு மட்டும் இலவசம்

எட்டாம் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகளை நான் காணாமல் அடித்தேன். அதற்குப் பெரிய திறமை எதுவும் தேவைப்படவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கினேன், அவ்வளவுதான்.

விஷயம் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உதவித்தொகைத் தேர்வுக்கான ஹால் டிக்கெட்டுகளைத் தலைமையாசிரியை அறையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். முப்பதாவது தாளோடு பிரிண்டர் நின்றுவிட்டது. என் வகுப்பில் முப்பத்து மூன்று பேர். பேப்பர் தீர்ந்திருக்கும் என்று ஒரு கட்டு வைத்தேன். மைப் பெட்டியைக் கழற்றிக் குலுக்கி மாட்டினேன். தலையில் ரெண்டு தட்டு தட்டினேன். பள்ளிக்கூடத்து மெஷின் எதற்கும் நான் பார்க்கிற ஒரே வைத்தியம் அது. பிரிண்டர் பாவம், அதனிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. பிறகுதான் நவம்பரில் நான் அனுப்பிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதிலும் முப்பது பெயர்கள். ஹேமந்த் இல்லை, மணி இல்லை, ஷாரோன் இல்லை.

இங்கே என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வெங்கடராகவன். சிங்கப்பெருமாள் கோயில் சன்னிதித் தெருவிலிருந்து தினமும் பஸ் மாறிப் பஸ் மாறி, நெம்மேலிக்குத் தெற்கே கடலோரம் இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வந்து கணக்கு நடத்துகிறவன். இன்டர்நெட்டில் ஆசிரியர்களுக்கு இலவசமாக என்ன கிடைத்தாலும் விடமாட்டேன். கேள்வித்தாள் தயாரிக்க ஒன்று, வினாடி வினாவுக்கு ஒன்று, முக்கோணத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட ஒன்று, நான் எழுத வேண்டிய பாடக்குறிப்பை எனக்குப் பதிலாக எழுதித்தர ஒன்று. ஆசிரியர் பயிற்சி முகாம் என்றால் மைக்கை என்னிடம்தான் கொடுப்பார்கள். நானும் பத்து வருஷமாகப் பட்டினி கிடந்தவர்களுக்குப் பந்தி போடுகிறவன் மாதிரி, "எல்லாமே ஃப்ரீ சார், எல்லாமே ஃப்ரீ மேடம்" என்று அள்ளிப் போடுவேன்.

இலவசத்திலும் பல தினுசு உண்டு என்பதை மைக்கில் சொல்வதில்லை. பதினான்கு நாள் மட்டும் இலவசம் என்று ஒன்று. செய்து பார்க்க இலவசம், செய்ததைச் சேமித்து வைக்க இலவசமில்லை என்று ஒன்று. விளம்பரத்தோடு இலவசம் என்பது இன்னொன்று. ஒருநாள் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது திரையின் நடுவில் ரம்மி விளம்பரம் வந்துவிட்டது. அந்த வருஷம் முழு வகுப்பும் மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தது அந்த அரை நிமிஷம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வகுப்பறை மென்பொருள். வருகைப்பதிவு, மார்க், வீட்டுப்பாடம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பொம்மை முகம். பதில் சொன்னால் முகத்துக்குக் கீழே நட்சத்திரம் விழும். சுவரில் புரொஜெக்டர் போட்டால் வகுப்பே திருவிழா மாதிரி இருக்கும். இலவசத்தில் முப்பது பேரைத்தான் சேர்க்கலாம். ஒவ்வொருவரைச் சேர்க்கவும் ஒரு ஸ்மார்ட்போன் எண் வேண்டும். ஜூன் மாதம் பெயர்களை ஏற்றும்போது மூன்று பேர் அதிகம் என்றது. ஹேமந்த், மணி, ஷாரோன் மூவர் வீட்டிலும் பட்டன் போன்தான். ஆகவே நான் யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. "உங்க மூணு பேருக்கும் நானே பேப்பர்ல ஸ்டார் போடறேன்" என்றேன். போடவும் செய்தேன், ரெண்டு வாரம்.

தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவது எப்போதும் சமூக அறிவியல் ஆசிரியர் ஜெபக்குமாரின் வேலை. வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நிறுத்தி, இனிஷியல் கேட்டு, பிறந்த தேதி கேட்டு, கையால் எழுதிப் பிறகு டைப் அடிப்பார். ரெண்டு நாள் ஆகும். கல்வெட்டு செதுக்குகிறார் என்று நான் கிண்டல் பண்ணுவேன். இந்த வருஷம் அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். மென்பொருளில் ஒரு பட்டன், பட்டியல் இறங்கிவிட்டது. நாற்பது நொடி. அவர் முன்னால் போய்க் கைக்கடிகாரத்தை வேறு காட்டினேன்.

ஹேமந்துக்கும் மணிக்கும் இதில் பெரிய இழப்பில்லை என்று முதல் நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்ல நான் யார் என்பது ரெண்டாம் நாள்தான் உறைத்தது. ஆனால் ஷாரோன் விஷயத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இந்தத் தேர்வில் எங்கள் பள்ளியிலிருந்து யாராவது தேறுவார்கள் என்றால் அது அவள்தான். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நாலு வருஷம் மாதாமாதம் உதவித்தொகை. அவள் அக்கா ஜெனிஃபர் பத்தாவதோடு நின்று, இப்போது பொத்தேரியில் காலேஜ் பிள்ளைகளின் ஹாஸ்டல் ஒன்றில் சப்பாத்தி தேய்க்கிறாள். "சின்னது பரீட்சையில பாஸானா படிக்கட்டும் சார். ஆவலன்னா அக்காகூட போவட்டும்" என்று அவர்கள் அம்மா ஜெசிந்தா பெற்றோர் கூட்டத்தில் என்னிடமே சொல்லியிருந்தார். இந்தத் தேர்வை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது மட்டும்தான் எழுத முடியும்.

தலைமையாசிரியை சௌந்தரவல்லியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பரீட்சைக்கு எத்தனை நாள் இருக்கு?"

"பதினெட்டு நாள் மேடம்."

"பாக்கலாம் சார். பெருமாள் இருக்கார்."

"நவம்பர்ல மூடின லிஸ்ட்டப் பெருமாள் திறப்பாரா மேடம்?"

"இந்த நேரத்துலயும் உங்களுக்கு வாய் அடங்கலை பாருங்கோ" என்றார். "முதல்ல ஒரு லெட்டர் எழுதுங்கோ. கையெழுத்துப் போடறேன்."

ஜெபக்குமார் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே பேசினார்.

"இன்னா அண்ணாத்த, நாப்பது செகண்டுல மூணு பேர தூக்கிட்டீங்களாமே. நான் ரெண்டு நாள் உக்காந்தாக்கூட அவ்ளோ ஸ்பீடு வராது."

"என்ன பண்ணலாம் ஜெபா, சொல்லுங்க."

"நான் இன்னா சொல்றது. கல்வெட்டு ஆளு." சிவப்பு மையால் ஒரு சுழி போட்டார். "ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க."

கேட்டேன். செங்கல்பட்டில் கல்வி அலுவலகத்து மாடியில், கடைசி மேஜையில் கோதண்டராமன் என்கிற எழுத்தர். நான் கொடுத்த கடிதத்தில் 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று இருந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"யாரோட கோளாறு சார்?"

அங்கேயே உட்கார்ந்து 'எனது கவனக்குறைவு காரணமாக' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

"இத மேல அனுப்புனா உங்களுக்கு மெமோ வரும். பரவால்லையா?"

"வரட்டும் சார். பிள்ளைங்கள எழுத விடுவாங்களா?"

"மெமோ வரும்" என்றார் மறுபடி.

"அது சரி. எழுத விடுவாங்களா மாட்டாங்களா?"

"மேல போவணும் சார். போனாத்தான தெரியும். நீங்க வியாழக்கிழம வாங்க."

வியாழக்கிழமை போனேன். "ஃபைல் மேஜையில கீது, ஐயா மீட்டிங்ல கீறாரு" என்றார். அடுத்த திங்கள் போனபோது அவர் டீ குடிக்கப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் அந்தக் காலி நாற்காலியோடு உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொன்னது.

இதற்கு நடுவில் வகுப்பு என்று ஒன்று இருந்ததே. முப்பது ஹால் டிக்கெட்டுகளும் பீரோவில் பூட்டியிருந்தன. கொடுத்தால் மூன்று பேருக்கு இல்லை என்று தெரிந்துவிடும். ஆகவே யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் முதல் பெஞ்சிலிருந்து ஷாரோன் எழுந்து நிற்பாள்.

"சார், ஹால் டிக்கெட்டு வந்துச்சா?"

பிள்ளைகளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்றால் நான் அவர்கள் மாதிரியே பேசிக் காட்டுவேன். அது என் கைவசம் உள்ள பழைய வித்தை. "உன்னுது விஐபி டிக்கெட்டும்மா. முன்னால ரெண்டு போலீஸ் ஜீப்பு, பின்னால ரெண்டு ஜீப்பு. திருப்போரூர்கிட்ட வந்துகினு கீது."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் ஜீப்பு கோவளத்தில் பஞ்சர். அதற்கு மறுநாள் டிரைவருக்கு வயிற்றுப்போக்கு. செங்கல்பட்டில் கோதண்டராமன் எனக்குச் செய்ததையே நான் இங்கே ஜோக்கோடு சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன். அவராவது சம்பந்தப்படாத ஆள்.

பழைய கேள்வித்தாள்களை நான்தான் டவுன்லோடு பண்ணிக் கொடுத்திருந்தேன், அவையும் இலவசம்தான். ஷாரோன் பதினோராவது தாளை முடித்துக் கொண்டுவந்து காட்டினாள். தொண்ணூறுக்கு எண்பத்து மூன்று. கண்ணாடி பிம்பக் கேள்விகளில் மட்டும் தடுமாறியிருந்தாள். விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "இப்ப புரியுது சார், பரீட்சைல தப்பு வராது" என்றாள். நான் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கூப்பிட்டார். "திங்கள்கிழமை குடுத்தே ஆகணும் சார். இனிமே பூட்டி வெச்சா மத்தப் பிள்ளைகளோட பேரண்ட்ஸ் வந்து நிப்பா."

"அந்த மூணு பேருக்கும் மேடம்?"

"பாக்கலாம்."

சனிக்கிழமை முதலில் ஹேமந்த் வீட்டுக்கும் மணி வீட்டுக்கும் போனேன். ரெண்டிலும் பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்ததாகச் சொல்லச் சொல்லிவிட்டு, நிம்மதியோடு வெளியே வந்தேன். மூன்றாவது வீட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜெசிந்தா ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட்டில் ரூம் கிளீன் பண்ணுகிறவர். காலை ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார். யூனிஃபார்ம் புடவைகூட மாற்றியிருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க சார். வூடு தேடி வந்துகீறீங்க. ஜில்லுனு எதுனா வாங்கியாறட்டா?"

"ஒண்ணும் வேணாம்மா. பஸ்ல வந்த ஆள்ல பாதி பேர் வியர்வையை நான்தான் குடிச்சேன்."

அவர் சிரித்தார். வாசற்படியில் கேள்வித்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்த ஷாரோனும் சிரித்தாள். வெயிலைப் பற்றி ஒன்று சொன்னேன். கண்டக்டரைப் பற்றி ஒன்று. என் தொப்பையைப் பற்றி இரண்டு. ஜெசிந்தாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"சார், நீங்க இவ்ளோ சிரிக்க வெச்சீங்கன்னா எதுவோ பேஜாரு கீது. இன்னான்னு சொல்லிடுங்க."

சொன்னேன். மென்பொருள், முப்பது பேர், பட்டன், கடிதம், கோதண்டராமன். முதல் தடவையாக ஜோக் இல்லாமல் சொன்னேன். சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஷாரோன் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்ப எழுத முடியாதா?" என்றார் ஜெசிந்தா.

"முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கேன்மா. மேல ஃபைல் போயிருக்கு." வாய் பழக்கம், அதற்குள் திரும்பிவிட்டது. நிறுத்தினேன். "முடியாதுன்னுதான் நினைக்கறேன்."

அவர் புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்தார். வெளியே யாரோ குடத்தை இறக்கி வைத்த சத்தம் கேட்டது.

"நீங்க வேணும்னேவா செஞ்சீங்க சார். வுடுங்க. எங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு அவ்ளோதான் போல."

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வேணும்னேவா செஞ்சீங்க. அப்போதே எழுந்து போயிருக்கலாம். ஆனால் பிடித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்காரப் பார்த்தேன்.

"வேற ஒண்ணும் இல்லம்மா. போன் இல்லாததுதான் காரணம். போன் இல்லாதவங்கள அதுல சேர்க்க முடியாது, அதான்." பிறகு ஷாரோன் பக்கம் திரும்பினேன். "ஏம்மா, ஏழு மாசமா ஸ்க்ரீன்ல உன் பேரே வரல. ஒரு தடவையாவது என்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல? கேட்டிருந்தா லிஸ்ட் அனுப்பும்போது எனக்கு ஞாபகம் வந்திருக்குமே. ஏன் கேக்கல?"

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"சார் கேக்கறாரு இல்ல, சொல்லு" என்றார் ஜெசிந்தா.

ஷாரோன் கேள்வித்தாளை நாலாக மடித்தாள். வகுப்பில் எழுந்து பதில் சொல்கிற மாதிரியே எழுந்து நின்றாள். குரல்கூட அதே குரல்தான்.

"போன் இல்லாதவங்க நாங்க மூணு பேரு இல்ல சார், நாலு பேரு. கோயில் ஐயரு வூட்டு மானசா வூட்லயும் பட்டன் போன்தான். அவளுக்கு உங்க நம்பரப் போட்டு சேத்துகினீங்க. எங்களுக்கும் யார் நம்பரயாவது போடுவீங்கன்னு பாத்துகினே இருந்தோம். நீங்க போடல. அதுக்கு அப்பால இன்னான்னு சார் வந்து கேக்கறது?"